பிலிப்பினோ வீடுகளில் கிறிஸ்துமஸ்: செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வரை

குவைத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் கேட்டிருந்தார்: "எங்கள் வார்டில் ஒரு பிலிப்பினோ அக்கா இருக்கிறார். செப்டம்பர் ஒன்றாம் தேதியே கிறிஸ்துமஸ் பாட்டுப் போட ஆரம்பித்துவிட்டார். ஏன் இவ்வளவு சீக்கிரம்? அவர்கள் வீடுகளில் அப்படி என்னதான் செய்வார்கள்? டிசம்பரில் அவர்கள் ஃப்ளாட்டில் நடக்கும் விருந்துக்கு என்னையும் அழைத்திருக்கிறார். எப்படி நடந்துகொள்வது, என்ன வாங்கிக்கொண்டு போவது?"

நான் பெண் எடுத்த வீடு பம்பாங்கா மாகாணத்தில், மணிலாவுக்கு வடக்கே சான் பெர்னாண்டோ நகரத்தில் இருக்கிறது. விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறேன், மாப்பிள்ளையாகக் காய் நறுக்கி, பாத்திரம் கழுவி, மாமியாரோடு விடியற்காலைப் பூசைக்கும் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸ் என்பது உறவுகளைக் கணக்குப் பார்க்கும் காலம். யார் ஊரில் இருக்கிறார்கள், யார் வெளிநாட்டில், யாருக்கு யார் ஞானத்தந்தை, யார் கையை யார் எடுத்து நெற்றியில் வைக்க வேண்டும், இந்த வருடம் யாருடைய நாற்காலி காலி. நட்சத்திர விளக்கு, பூசை, ஹாம் என்னும் பன்றித்தொடை இறைச்சி எல்லாம் இதைச் சுற்றித்தான் வருகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் தோழி செய்யும் ஒவ்வொன்றும் உங்களுக்குப் புரியும்.

முதலில் செப்டம்பர். 'பர்' என்று முடியும் நான்கு மாதங்களும் அங்கே கிறிஸ்துமஸ் காலம்தான். செப்டம்பர் பிறந்ததும் ரேடியோவிலும் மால்களிலும் பாட்டு ஆரம்பித்துவிடும். 1990-இல் ஜோசே மாரி சான் வெளியிட்ட கிறிஸ்துமஸ் ஆல்பத்தின் தலைப்புப் பாடல்தான் முதலில் காதில் விழும். அவர் குரல் கேட்டால் பருவம் பிறந்துவிட்டது என்று அர்த்தம். செப்டம்பர் 16-ஆம் தேதி டிவி செய்திகளில் 'இன்னும் 100 நாள்' என்று எண்ண ஆரம்பிப்பார்கள்.

கொண்டாட்டப் பிரியர்கள், அதனால்தான் இப்படி என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான். உங்கள் தோழியின் அறை மூலையைப் பாருங்கள், ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிற்கும். அதுதான் பாலிக்பாயன் பெட்டி. வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோக்கள் வீட்டுக்கு அனுப்பும் பெட்டி. கப்பலில் போவதால் போய்ச் சேர ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். டிசம்பர் நடுவில் அம்மா கையில் கிடைக்க வேண்டுமென்றால் அக்டோபரிலேயே அனுப்பியாக வேண்டும். அக்டோபரில் அனுப்ப வேண்டுமென்றால் செப்டம்பரில் நிரப்ப ஆரம்பிக்க வேண்டும். ஆகவே வெளிநாட்டில் ஒரு உறவு இருக்கும் வீட்டுக்கு, செப்டம்பரில் கிறிஸ்துமஸ் வருவது ரொம்பச் சரியான கணக்கு.

அந்தப் பெட்டியை நிரப்புவதை ஒருமுறை கூட இருந்து பார்க்க வேண்டும். ஒரே நாளில் கடைக்குப் போய் எல்லாம் வாங்குவதில்லை. சம்பளம் வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு சேரும். அடியில் கனமானவை: டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, பால் பவுடர், ஷாம்பு, சோப்புக் கட்டிகள். அவற்றுக்கு நடுவே சாக்லேட் பைகள். ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் வாசனைத் திரவியப் புட்டி. மீதி இடுக்குகளில் எல்லாம் துண்டும் டி-ஷர்ட்டும் திணித்து ஆடாமல் இறுக்குவார்கள். ஒவ்வொரு பொருளிலும் பேனாவால் ஒரு பெயர் இருக்கும். மேலே பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, விலாசத்தை நான்கு பக்கமும் எழுதுவார்கள். உள்ளே இருக்கும் சோப்பு மணிலா கடையிலும் கிடைக்கும், சில சமயம் விலையும் குறைவாக இருக்கும். ஆனால் அனுப்புகிறவர் யார் யாரை நினைத்தார் என்பதற்கு அந்தப் பெட்டிதான் சாட்சி.

2015-இல் சுங்கத்துறை இந்தப் பெட்டிகளை ஆங்காங்கே திறந்து சோதிக்கப் போகிறது என்று செய்தி வந்தபோது உலகம் முழுக்க இருந்த பிலிப்பினோக்கள் கொதித்தெழுந்தார்கள். அப்போதைய அதிபர் பெனிக்னோ அக்கினோவே தலையிட்டு அதை நிறுத்தச் சொன்னார். அடுத்த ஆண்டு வந்த சுங்கச் சட்டம், வருடத்துக்கு மூன்று முறை, 1,50,000 பெசோ (பிலிப்பைன்ஸ் பணம்) வரை மதிப்புள்ள பெட்டிகளை வரியில்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம் என்று அனுமதித்தது. அரசே இறங்கி வந்தது என்றால், அந்தப் பெட்டியில் ஒரு குடும்பத்தின் மானமும் மனசும் இருக்கிறது என்று தெரிந்ததால்தான்.

ஊருக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு சட்டம் உண்டு. 1975 டிசம்பரில் வந்த 851-ஆம் எண் அதிபர் ஆணை, பதின்மூன்றாவது மாதச் சம்பளத்தைக் கட்டாயமாக்கியது. முதலில் மாதம் 1,000 பெசோவுக்கு மேல் வாங்காதவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1986-இல் அப்போதைய அதிபர் கோரி அக்கினோ அந்த வரம்பை எடுத்துவிட்டார். இன்று தனியார் நிறுவனத்தில் கடைநிலை ஊழியராக இருந்தாலும், டிசம்பர் 24-க்குள் அந்தப் பணம் கைக்கு வந்தாக வேண்டும். பள்ளிக் கட்டண பாக்கி, கூரைத் தகரம், பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு, ஊருக்குப் போகப் பஸ் டிக்கெட் எல்லாம் அதை நம்பித்தான். கையில் கிடைத்ததும் மணிலாவின் திவிசோரியா, பக்லாரான் கடைத்தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது.

இனி வீட்டு வாசலுக்கு வருவோம். நவம்பர் ஆரம்பத்தில் கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு வாசலில் பரோல் தொங்கும். ஐந்து முனை நட்சத்திர விளக்கு. 1908-இல் பம்பாங்காவைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ எஸ்தானிஸ்லாவ் என்ற கைவினைஞர் முதலில் செய்தார் என்று சொல்வார்கள். செய்முறை எளிது. மூங்கில் குச்சி ஐந்தைக் கட்டி ஒரு நட்சத்திரம், இன்னொரு ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, நடுவே சிறு குச்சிகளைக் குறுக்கே நிறுத்தினால் நட்சத்திரம் உப்பிக்கொண்டு நிற்கும். அதன்மேல் மெல்லிய வண்ணக் காகிதம், கீழே குஞ்சம் வைத்த இரண்டு வால். பள்ளிக்கூடங்களில் இது இன்றும் கைவேலைப் பாடம். எந்தப் பிள்ளையின் பரோலை அப்பா செய்தார் என்று டீச்சருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். காசு உள்ளவர்கள் கப்பீஸ் என்ற கடற்சிப்பி ஓட்டில் செய்த, மின்விளக்கு ஓடும் பரோலை வாங்குவார்கள்.

எங்கள் சான் பெர்னாண்டோவில் இது வேறு உயரத்துக்குப் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு ஊர்ப் பகுதிகளுக்கு இடையே ராட்சத விளக்குப் போட்டி நடக்கும். ஒவ்வொரு விளக்கும் இருபதடி உயரம், உள்ளே ஆயிரக்கணக்கான பல்புகள். பின்னால் ஜெனரேட்டர் ஏற்றிய வண்டி நிற்கும். பேண்டு வாத்தியம் வாசிக்க வாசிக்க, விளக்கின் நிறங்கள் தாளத்துக்கு விரியும், சுருங்கும், சுழலும். இதைக் கம்ப்யூட்டர் செய்வதாகத்தான் முதல்முறை பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள். வரிசையாகப் பெரிய இரும்பு உருளைகள் இருக்கும். ஒவ்வொரு உருளையிலும் காகித டேப்பை வெவ்வேறு வடிவில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். உருளையைத் தொட்டபடி வரிசையாகக் கொண்டை ஊசிகள் நிற்கும். ஒவ்வொரு ஊசியிலிருந்தும் ஒரு கம்பி ஒரு பல்புக் கூட்டத்துக்குப் போகும். ஆட்கள் கையால் உருளையைச் சுற்றும்போது, ஊசி இரும்பைத் தொட்டால் அந்தப் பல்புகள் எரியும், டேப்பின் மேல் ஏறினால் அணையும். அவ்வளவுதான். டேப்பை எங்கே வெட்டினோம் என்பதில்தான் நடனம் முழுக்க இருக்கிறது. 1957-இல் ரோதோல்போ தாவிது கொண்டு வந்த இந்த முறை இன்னும் அப்படியே நடக்கிறது. என் பார்வையில் அந்த நாட்டின் கைத்திறனுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது.

டிசம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் பண்டிகையின் மையப் பகுதி ஆரம்பிக்கிறது. சிம்பாங் கபி என்னும் ஒன்பது நாள் பூசை. 24-ஆம் தேதி வரை தினமும் நான்கு மணிக்குப் பூசை, மூன்று மணிக்கே மணி அடித்துவிடும். இதன் வேர் மெக்ஸிகோவில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில், அகோல்மான் மடத்தின் அகுஸ்தீன் சபைத் துறவிகள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் பூசையைத் திறந்த வெளியில் நடத்தப் போப்பாண்டவர் ஐந்தாம் சிக்ஸ்துஸிடம் அனுமதி வாங்கினார்கள். மெக்ஸிகோ வழியாகத்தான் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை ஆண்டது. துறவிகளும் அந்த வழியாகவே வந்தார்கள், பழக்கமும் கூடவே வந்தது. இங்கே டிசம்பர் அறுவடைக் காலம். வெயிலுக்கு முன் வயலில் இறங்க வேண்டிய உழவர்களுக்கு விடிவதற்கு முந்தைய நேரம்தான் தோதாக இருந்தது. இன்று வயலுக்குப் போகிறவர்கள் குறைவு. ஆனாலும் கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் முடிந்து அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே நேராகக் கோயிலுக்கு வரும் இளைஞர்களை மணிலாவில் ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம். ஒன்பது நாளும் விடாமல் போனால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. நர்ஸிங் தேர்வு, விசா, அப்பாவின் உடம்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும். விடிகாலையில் முடியாதவர்களுக்காக முந்தைய நாள் மாலையில் நடக்கும் பூசைகளும் நகரங்களில் உண்டு. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பல ஆலயங்களில் வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலையில் நடத்துகிறார்கள். உங்கள் தோழி டிசம்பர் நடுவில் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் இதற்காகத்தான்.

பூசை முடிந்து வெளியே வந்தால் மூக்கு தானாகவே ஒரு பக்கம் திரும்பும். கோயில் வாசலில் பிபிங்காவும் புத்தோ பும்போங்கும் விற்கும் பெண்கள். பிபிங்காவுக்கு, வாழையிலை போட்ட மண்சட்டியில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்த கரைசலை ஊற்றுவார்கள். கீழே கரி நெருப்பு, மேலே மூடிய தகரத்திலும் கரி நெருப்பு. இரண்டு பக்கச் சூட்டில் அது உப்பி எழும். பாதியில் மூடியைத் தூக்கி, உப்பிட்ட வாத்து முட்டைத் துண்டும் வெள்ளைப் பாலாடைக் கட்டியும் வைத்து மறுபடி மூடுவார்கள். எடுத்ததும் மேலே வெண்ணெய் தடவி, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவித் தருவார்கள். இலை கருகிய வாசனை மாவில் இறங்கியிருக்கும். புத்தோ பும்போங் நம் குழாய்ப் புட்டுக்குப் பங்காளி மாதிரி. கருநீல நிறப் பசையரிசி மாவை மெல்லிய மூங்கில் குழாயில் நிரப்பி ஆவியில் வேகவைப்பார்கள். குழாயைத் தட்டினால் ஊதா நிறத்தில் விரல் போல நழுவி இலையில் விழும். அதன்மேல் வெண்ணெயும் தேங்காயும் கரும்புச் சர்க்கரையும். கூடக் குடிக்க சலபாட் என்ற சூடான இஞ்சித் தண்ணீர். இரண்டும் இப்போது வருடம் முழுக்க மால்களில் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், கோயில் வாசலில் இருட்டு பிரியும் முன் நின்றுகொண்டே சாப்பிடும் ருசி மால் பிபிங்காவுக்கு வராது.

இந்த நாட்களில் மாலையானால் பிள்ளைகள் வீடு வீடாகப் பாட வருவார்கள். சோடா மூடிகளைத் தட்டையாக்கி, கம்பியில் கோர்த்து ஜால்ரா. பால் டின்னில் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி மத்தளம். கேட்டில் நின்று "நமமாஸ்கோ போ!" என்று ஒரே குரலில் கத்துவார்கள். சில்லறை இல்லையென்றால் உள்ளிருந்து "பதாவாத்!" என்று மன்னிப்புக் கேட்பது வழக்கம். பேசாமல் விளக்கை அணைப்பது மரியாதை இல்லை. எங்கள் மாமியார் டிசம்பர் முழுவதும் கதவருகே ஒரு பிஸ்கட் டப்பாவில் நாணயங்களைப் போட்டு வைத்திருப்பார்.

24-ஆம் தேதி இரவுதான் உச்சம். சில ஊர்களில் பனுனுலுயான் நடக்கும். மரியாளும் சூசையும் வேடமிட்ட இருவர் வீடு வீடாகப் போய்ப் பாட்டாலே இடம் கேட்பார்கள், வீட்டுக்காரர்கள் பாட்டாலே மறுப்பார்கள், கடைசியில் கோயில் வாசல் திறக்கும். பிறகு நள்ளிரவுப் பூசை. நகரத்துக் கோயில்கள் பலவற்றில் இப்போது எட்டு மணி, ஒன்பது மணிக்கே முடித்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டுச் சாப்பாட்டு நேரம் மட்டும் அசையவில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் நோச்சே புவேனா என்னும் அந்த விருந்து. அந்த இரவில் தூங்கிவிட்ட குழந்தைகளைக்கூடத் தட்டி எழுப்பி, கண்ணைக் கசக்கக் கசக்க மேஜையில் உட்கார வைப்பார்கள்.

மேஜையில் என்ன இருக்கும்? நடுவில் ஹாம். அன்னாசிச் சாற்றில் மெதுவாக வேகவைத்து, மேலே பழுப்புச் சர்க்கரை தடவி, அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியால் அழுத்துவார்கள். சர்க்கரை உருகிப் பளபளவென்று இறுகும். மணிலா கியாப்போவில் பழைய சீன ஹாம் கடைகளின் வாசலில் டிசம்பர் மாதம் முழுக்க வரிசை நிற்கும். பக்கத்தில் கேசோ தெ போலா, சிவப்பு மெழுகு பூசிய உருண்டைச் சீஸ். ஹாமும் இந்தச் சீஸும் வேலை செய்யும் இடத்திலிருந்து பரிசாக வந்தவையாகவே பெரும்பாலும் இருக்கும். ஆயுள் நீள வேண்டும் என்று பன்சிட் நூடுல்ஸ். பிள்ளைகளுக்கு ஸ்பகெட்டி.

அந்த ஸ்பகெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. அது இனிக்கும். சிவப்பு ஹாட்டாக் துண்டுகளும் மேலே துருவிய சீஸும் போட்டு, வாழைப்பழக் கெச்சப்பில் செய்வது. தக்காளி அரிதான அந்த நாட்டில் வாழைப்பழத்தில் கெச்சப் செய்யலாம் என்று வழிகாட்டியவர் மாரியா ஓரோசா என்ற உணவு விஞ்ஞானி. உள்ளூர் விளைச்சலைக் கொண்டே நாடு பசியாற வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க உழைத்தவர். 1945 பிப்ரவரியில் மணிலாவில் நடந்த போரில் உயிரிழந்தார். வெளிநாட்டவர் அந்த ஸ்பகெட்டியைக் கேலி செய்யும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தச் சிவப்புக் கெச்சப்பில் அவருடைய உழைப்பு இருக்கிறது.

இனிப்புக்குப் பழ சாலட்: டின் பழங்கள், நாட்டா தெ கோகோ என்னும் தேங்காய்த் தண்ணீர் ஜெல்லி, கண்டென்ஸ்டு மில்க், கிரீம் கலந்து முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வைத்து உறைய விடுவார்கள். முட்டை மஞ்சள் கருவில் செய்த லெச்சே ஃபிளான். கெட்டியான சூடான சாக்லேட். பெரிய குடும்பமாக இருந்தால் முழுப் பன்றியைச் சுட்ட லெச்சோன், அதன் மொறுமொறுத் தோலுக்கு அண்ணன் தம்பிகளுக்குள் போட்டி.

இதெல்லாம் எல்லா வீட்டிலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வர்த்தக அமைச்சகம் ஒவ்வொரு வருடமும் நோச்சே புவேனா பொருட்களின் விலைப்பட்டியலை வெளியிடுகிறது. ஹாமும் சீஸும் பழ டின்னும் எவ்வளவு விலைக்குப் போகலாம் என்று அரசாங்கம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், எத்தனை குடும்பங்கள் காசை எண்ணி எண்ணி வாங்குகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு பன்சிட், ஒரு பாக்கெட் ரொட்டி, ஒரு பாட்டில் குளிர்பானம், அதோடு முடியும் வீடுகள் ஏராளம். அங்கேயும் பன்னிரண்டு மணிக்குத்தான் சாப்பிடுவார்கள். அங்கேயும் எல்லோரும் சேர்ந்துதான்.

சேர்ந்து என்று சொன்னேன். வெளிநாடுகளில் வாழும் பிலிப்பினோக்கள் ஏறத்தாழ ஒரு கோடி. ஆகையால் பெரும்பாலான மேஜைகளில் யாரோ ஒருவர் இல்லை. எங்கள் வீட்டில் என் மனைவியின் அக்கா ரியாத்தில் இருந்த காலத்தில், மாமியார் அவருக்கும் ஒரு தட்டு வைப்பார். தட்டுக்கு எதிரே கண்ணாடி டம்ளரில் போனைச் சாய்த்து வைப்போம். சாப்பாடு ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவராக அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். அக்கா அனுப்பிய ஷூவை அவருடைய மகன் காலைத் தூக்கிக் காட்டுவான். அளவு சரியாக இருக்கிறதா என்று அவர் மூன்று தடவை கேட்பார். கொஞ்சம் பெரிதுதான், ஆனால் யாரும் சொன்னதில்லை.

25-ஆம் தேதி காலை இளையவர்கள் மூத்தவர்களைப் பார்க்கப் போகும் நாள். பாட்டி லோலா, தாத்தா லோலோ. அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டியதும் முதல் வேலை மானோ. பெரியவரின் வலது கையை எடுத்து, குனிந்து, புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வது. "மானோ போ" என்று கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். அவர் "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்பார். வரிசையில் சின்னக் குழந்தைகள் முதலில் நிற்பார்கள். அது முடிந்தபின் அகினால்டோ என்ற பணப் பரிசு. நோட்டு மடிப்பு விழாத புது நோட்டாக இருக்க வேண்டும். டிசம்பரில் வங்கிகளில் புது நோட்டுக் கேட்டு நிற்கும் கூட்டம் இதற்காகத்தான்.

அடுத்தது ஞானப்பெற்றோர் வீடு. ஞானத்தந்தை நினோங், ஞானத்தாய் நினாங். நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் குழந்தைக்கு ஒரு ஞானத்தந்தை, ஒரு ஞானத்தாய் என்று இருக்கும். அங்கே ஒரு ஞானஸ்நானத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் நிற்பது சாதாரணம். கல்யாணத்துக்கும் அப்படித்தான். அலுவலக நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், ஊர்த் தலைவர், அப்பாவின் பழைய முதலாளி எல்லோரும் வருவார்கள். இரத்த சம்பந்தம் இல்லாதவர்களைச் சொந்தமாக்கும் வழி இது. பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கேட்கத் தகுந்த இடங்கள் பத்து உண்டாகின்றன. வருடம் முழுக்கப் பார்க்காமல் இருந்தாலும் கிறிஸ்துமஸ் அன்று அந்த வாசலுக்குப் போய் மானோ செய்து, கையில் கிடைப்பதை வாங்கிக்கொண்டு வந்தால் உறவு இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது என்று பொருள். பணம் சிறிது. 20 பெசோ கொடுத்தாலும் போதும். கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாத நினோங் டிசம்பரில் ஒளிந்துகொள்வதைப் பற்றி நாடு முழுக்க வேடிக்கைக் கதைகள் உண்டு. எனக்கு அங்கே ஞானப்பிள்ளைகள் சேர்ந்துகொண்டே போகிறார்கள், ஒவ்வொரு முறை கேட்கப்படும்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது.

எல்லோரும் கொண்டாடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2020 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் நூற்றுக்கு 79 பேருக்குச் சற்றுக் குறைவு. மிந்தனாவோ தீவில் முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். இக்லேசியா நி கிறிஸ்தோ என்ற பெரிய உள்ளூர்த் திருச்சபை கிறிஸ்துமஸையே ஏற்பதில்லை. ஆகவே வார்டில் உள்ள ஒவ்வொரு பிலிப்பினோவுக்கும் கேக் நீட்டும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

புயல்களும் இந்தக் காலத்தில் வருவதுண்டு. 2021-இல் ஒடெட் புயல் சியார்காவோ தீவில் கரை ஏறியது டிசம்பர் 16 அன்று, சிம்பாங் கபியின் முதல் நாள். செபு, போஹோல், சூரிகாவ் பகுதிகளில் கூரைகள் பறந்து, பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கழித்த குடும்பங்கள் அங்கே ஏராளம். நோச்சே புவேனாவுக்கு நிவாரணப் பையில் வந்த அரிசியும் மத்தி மீன் டின்னும்.

25-க்குப் பிறகும் முடிவதில்லை. 28-ஆம் தேதி மாசற்ற குழந்தைகள் திருநாள். அன்று யாராவது கடன் கேட்டால் கொடுக்காதீர்கள், திருப்பித் தரவேண்டியதில்லை என்று சொல்லிச் சிரிப்பது பழைய வழக்கம். 31-ஆம் தேதி இரவு மெதியா நோச்சே விருந்து. மேஜையில் பன்னிரண்டு வகை உருண்டைப் பழங்கள், உடம்பில் புள்ளி போட்ட சட்டை, பையில் சில்லறை. வட்டமானதெல்லாம் காசைக் குறிக்கும். பன்னிரண்டு அடிக்கும்போது குழந்தைகள் உயரமாக வளர வேண்டும் என்று எம்பி எம்பிக் குதிப்பார்கள். ஜனவரி முதல் ஞாயிறு மூன்று ராஜாக்கள் திருநாள் வரும். பல வீடுகளில் மூன்றாம் ஞாயிறு குழந்தை இயேசு திருநாள் வரை பரோல் இறங்காது.

இனி உங்கள் விருந்து. குவைத்தில் பன்றி இறைச்சி கிடைக்காது, அதனால் ஹாமும் லெச்சோனும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வான்கோழி ஹாம், சுட்ட கோழி, மாட்டிறைச்சி அந்த இடத்தில் இருக்கும். நீங்கள் சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் காய்கறி பன்சிட் போலத் தெரிவதிலும் இறாலோ கோழிச் சாறோ சேர்ந்திருக்கும். உங்கள் பங்குக்கு ஒரு பதார்த்தம் கொண்டு போவது ரொம்ப நல்லது. காரம் குறைவாகப் பிரியாணியோ, ரவா கேசரியோ செய்து போங்கள். அவர்களுக்கு இனிப்பு பிடிக்கும், காரம் பெரும்பாலும் ஆகாது.

பரிசு மாற்றும் விளையாட்டு இருக்கும், மோனிட்டோ மோனிட்டா என்பார்கள். சீட்டில் யார் பெயர் வந்ததோ அவருக்கு நீங்கள் ரகசியமாகப் பரிசு தர வேண்டும். 'மெத்தென்றது', 'நீளமானது' என்று வாரம் ஒரு தலைப்பு கொடுத்தும் நடத்துவார்கள். எவ்வளவுக்குள் வாங்க வேண்டும் என்று முதலிலேயே ஒரு தொகை சொல்லிவிடுவார்கள், அதைத் தாண்டாதீர்கள். தாண்டினால் உங்களிடமிருந்து வாங்குபவருக்குத்தான் சங்கடம். வாசலில் "மலிகாயாங் பாஸ்கோ" என்று வாழ்த்துங்கள். அங்கே வயதான அம்மா யாராவது இருந்தால் அவர் கையை எடுத்து நெற்றியில் வையுங்கள், அவ்வளவு சந்தோஷப்படுவார். கரோக்கே மைக் உங்கள் கைக்கும் வரும். குரல் எப்படி இருந்தாலும் ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடிவிடுங்கள், மறுத்தால் விடமாட்டார்கள். கிளம்பும்போது மீந்ததைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

கடைசியாக, உங்கள் தோழிக்கு நீங்கள் தரக்கூடிய நல்ல பரிசு கடையில் இல்லை. மணிலாவில் நள்ளிரவு பன்னிரண்டு என்றால் குவைத்தில் மாலை ஏழு. 24-ஆம் தேதி மாலை அவருக்கு டியூட்டி இருந்தால், ஆறரையிலிருந்து எட்டு வரை அவருடைய நோயாளிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இப்போதே சொல்லிவையுங்கள். வார்டு இன்சார்ஜிடமும் ஒரு வார்த்தை சொல்லி அட்டவணையில் எழுதி வாங்கிவிடுங்கள், டிசம்பர் வந்தபின் கேட்டால் கிடைக்காது.